கொள்ளைநோயும் கோன்முறையும்

பிணியைத் தடுத்தல் அரசின் கடமை என்பது தமிழர்க்குப் புதிய கருத்தன்று. நாட்டின் இலக்கணம் கூறப் புகுந்த திருவள்ளுவர் பசி, பிணி, பகை ஆகிய மூன்றனையும் ஒருங்கு வைத்தே எண்ணினார். இம்மூன்றும் ஒன்றையொன்று தொடர்ந்து வருவன. ஒன்றை நீக்கப் புகுந்த அரசு ஏனை இரண்டையும் கவனியாது விடுமாயின், நீக்கப் புகுந்ததனையும் முற்ற நீக்கமாட்டாது. 2020 ஆம் ஆண்டு தொடங்கி ஈராண்டுக்கு மேலாக உலகை வருத்திய கொவிட் என்னும் கொள்ளைநோயை இலங்கை அரசு எதிர்கொண்ட முறை இவ்வுண்மைக்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

அம்முறையை மதிப்பிடுவோர் பெரும்பாலும் இருதிறத்தினராகப் பிரிந்து நிற்கின்றனர். இராணுவக் கட்டுப்பாடே நாட்டைக் காத்தது என்பார் ஒரு சாரார். நோயைச் சாட்டாக வைத்து மக்களை ஒடுக்கியதன்றி அரசு செய்தது யாதுமில்லை என்பார் மற்றொரு சாரார். முன்னவர் 2020 ஆம் ஆண்டை மட்டும் நோக்குகின்றனர். பின்னவர் அவ்வாண்டை நோக்க மறுக்கின்றனர். இரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்து நோக்கினாலன்றி உண்மை புலப்படாது.

2020 ஒக்டோபர்த் தொடக்கத்தில், அதாவது இலங்கையர் ஒருவருக்கு உள்நாட்டில் முதன்முதலாக நோய் காணப்பட்டு ஏறத்தாழ ஏழு மாதங்கள் கழிந்த நிலையில், நாட்டில் அந்நோயால் இறந்தோர் பதின்மூவர்; நோயுற்றோர் ஏறத்தாழ 3,400 பேர். செல்வமிக்க நாடுகள் பல இறந்தோரை அடக்கவும் இடமின்றித் திகைத்த காலம் அது. 2021 ஏப்பிரல் நடுப்பகுதியில் இறந்தோர் தொகை ஏறத்தாழ 600 ஆக இருந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் அது 15,000 ஐ அணுகிவிட்டது. ஆட்சி மாறவில்லை, சட்டம் மாறவில்லை, நோய்த்தடுப்புச் செயலணிக்குத் தலைமை தாங்கிய இராணுவத் தளபதியும் மாறவில்லை. முதலாண்டில் வென்ற முறை இரண்டாமாண்டில் ஏன் தோற்றது?

முதலாண்டின் வெற்றியை மறைத்தல் நேர்மையாகாது. 2020 சனவரி 27 ஆம் நாள் சீன நாட்டுப் பெண்மணி ஒருவரிடம் நோய் கண்டறியப்பட்டபோது, அவர் அங்கொடைத் தொற்றுநோய் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டுக் குணமடைந்து திரும்பினார். வூகான் நகரில் அகப்பட்டிருந்த முப்பத்துமூன்று மாணவர் பெப்புருவரி முதலாம் நாள் அழைத்து வரப்பட்டுத் தியத்தலாவை முகாமில் இரு வாரம் தனிமையில் வைக்கப்பட்டனர். மார்ச் மாதத்தில் இத்தாலி, ஈரான், தென்கொரியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் புனானைக்கும் கந்தக்காட்டுக்கும் அனுப்பப்பட்டனர். பாடசாலைகள் மூடப்பட்டன, விமானநிலையம் மூடப்பட்டது, மார்ச் 20 ஆம் நாள் மாலை நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. இவையாவும் விரைந்து செய்யப்பட்டன. கொள்ளைநோயில் ஒரு வாரத் தாமதம் எத்தனை உயிருக்கு விலையாகும் என்பதைப் பிற நாடுகள் அக்காலத்திலேயே காட்டிக்கொண்டிருந்தன.

ஆயின், அவ்விரைவுக்குரிய புகழ் முழுவதையும் சீருடைக்கு அளித்துவிடுதல் தவறாகும். ஒருவருக்கு நோய் கண்டதும் அவர் எங்கே சென்றார், யாரோடு உணவருந்தினார், எந்த வீட்டுச் சாவுக்குப் போனார் என்று விசாரித்தறிந்து அத்துணைபேரையும் தேடிப் பிடிப்பது துப்பாக்கி ஏந்தியோரால் ஆகும் காரியமன்று. அதனைச் செய்தோர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும், குடும்பநல மாதரும், அவர்களை வழிநடத்திய சுகாதார வைத்திய அதிகாரிகளும் ஆவர். இவ்வமைப்பு ஒரு மாதத்தில் முளைத்ததன்று. 1926 இல் களுத்துறையில் நிறுவப்பட்ட முதலாவது சுகாதாரப் பிரிவே அதன் வித்து. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தபோது அவ்வமைப்பு எத்துணை போதாதது என்பதும் எத்துணை தேவையானது என்பதும் ஒருங்கே விளங்கின. 2016 இல் மலேரியா அற்ற நாடென உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையைச் சான்றுறுத்தியமைக்கு வீடுவீடாய் நடந்த அவ்வூழியரின் தொண்டு ஒரு பெருங்காரணம். ஊர்ப் படலையைத் திறந்து உள்ளே வரும் பரிசோதகரையும் மருத்துவமாதையும் மக்கள் பெயர் சொல்லி அறிவர். அவர் கேட்டால் உண்மை சொல்வர். 2020 இல் அரசு செலவிட்ட முதல் தொண்ணூறு ஆண்டுகளாகச் சேர்ந்த இந்நம்பிக்கையே.

ஊரடங்கு என்பது கூர்மையான கருவி, நெடுநாட் கையாளுதற்குரியதன்று. யாழ்ப்பாணம் உட்பட ஆறு மாவட்டங்கள் இடர்மிக்கவை எனக் குறிக்கப்பட்டன. அரியாலையில் மார்ச் 15 ஆம் நாள் நிகழ்ந்த ஆராதனை ஒன்றை நடாத்திச் சுவிற்சர்லாந்து திரும்பிய போதகர் ஒருவருக்கு நோய் உறுதியானமையால் குடாநாட்டைப் பற்றிய அச்சம் மிகுந்தது. அவ்வச்சம் ஆதாரமற்றதன்று, அவ்வாராதனையிற் கலந்துகொண்டோர் சிலருக்குப் பின்னர் நோய் காணப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீட ஆய்வுகூடத்திலும் போதனா வைத்தியசாலையிலும் பரிசோதனைகள் தொடங்கப்பெற்றமை வட மாகாணம் பெற்ற பெரும் பேறு. ஆயினும் நாட்கூலி பெற்று அன்றன்று அடுப்பு மூட்டும் குடும்பத்துக்கு வீட்டிலிருத்தல் என்பது பட்டினியிருத்தலே. ஐயாயிரம் ரூபா உதவிப்பணம் ஏப்பிரலிலும் மே மாதத்திலும் வழங்கப்பட்டது. அது பயனற்றது என்றல் பொருந்தாது, போதியது என்றலும் பொருந்தாது. மாதச் சம்பளம் தவறாது வரும் உத்தியோகத்தனுக்கு ஊரடங்கு ஓய்வாயிற்று. கடற்றொழிலாளிக்கும் மேசனுக்கும் சந்தை வியாபாரிக்கும் அஃது அடைமானமாயிற்று. ஊரடங்கை மீறினர் என அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கைதுசெய்யப்பட்டனர். நெருங்கி நிற்றலால் நோய் பரவும் என்று அஞ்சிய அரசு, அவ்வச்சத்தைக் காரணங்காட்டி மக்களைப் பொலிஸ் நிலையங்களில் நெருக்கியது.

இவ்வூரடங்கு எச்சட்டத்தின்கீழ்ப் பிறப்பிக்கப்பட்டது என்று சட்டவறிஞர் பலர் வினவினர். தெளிவான விடை கிடைக்கவில்லை. அரசு கையில் வைத்திருந்தது 1897 ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டமாகும். பம்பாயில் மகாமாரி பரவிக்கொண்டிருந்த காலத்தில், குடியேற்ற ஆட்சியாளர் தம் துறைமுகங்களைக் காக்கும் பொருட்டு ஆக்கிய சட்டம் அது. அதிகாரியின் உரிமையை அது விரித்துரைக்கும். நோயாளியின் உரிமையைப் பற்றிப் பேசாது. அதனைத் திருத்தவோ புதியதொன்றை ஆக்கவோ வேண்டிய பாராளுமன்றம் 2020 மார்ச் 2 ஆம் நாள் கலைக்கப்பட்டிருந்தது. ஏப்பிரல் 25 இல் நிகழவிருந்த தேர்தல் ஓகத்து 5 இலேயே நடந்தது. புதிய பாராளுமன்றம் ஓகத்து 20 இற் கூடியது. நாட்டின் வாழ்நாளில் ஒருமுறை வந்த பேரிடரின் முதல் ஐந்தரை மாதங்கள் சட்டமன்றமின்றியே கழிந்தன. கலைத்த பாராளுமன்றத்தை மீளக் கூட்டுதற்கு அரசியலமைப்பில் வழியிருந்தும் அரசு அதனை நாடவில்லை.

சட்டமின்மை யாரை வருத்தியது என்பதை ஒரு நிகழ்ச்சி காட்டும். 2020 யூலை மாதத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தம் கொவிட் கடமைகளிலிருந்து விலகினர். அவர்கள் கேட்டது சம்பளமன்று. சுகாதார விதிகளை நடைமுறைப்படுத்துதற்கு வேண்டிய அதிகாரத்தை வர்த்தமானியிற் பிரசுரியுங்கள் என்றே கேட்டனர். படையினர்க்கு வாய்ச்சொல்லே அதிகாரமாய் அமைந்த காலத்தில், நோயைத் தேடி அலைந்தவர் எழுத்திற் கேட்டும் காத்திருக்க நேர்ந்தது. மறுமாதத்தில், மக்கள் நாள்தோறும் நம்பிக் கேட்டுவந்த சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம் மருத்துவர் அனில் ஜாசிங்க சுற்றாடல் அமைச்சின் செயலாளராக மாற்றப்பட்டார். பதவி உயர்வு என்றே அது கூறப்பட்டது.

இங்கே ஓர் அடிப்படை வேறுபாட்டைக் கருத வேண்டும். நோய் புறத்திலிருந்து வரும்போது அதனைப் பகைவனாகக் கருதி வாயிலை அடைத்தல் பொருத்தமான உபாயமே. அதில் இராணுவ முறை பயன்படும். நோய் அகத்தே பரவியபின் பகைவன் யார்? பக்கத்து வீட்டான், கூடத் தொழில் செய்பவள், மீன் விற்க வந்தவன். அவர்களைப் பகைவராக்கினால் அவர்கள் நோயை மறைப்பர். 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும் பின்னர்ப் பேலியகொடை மீன்சந்தையிலும் நோய் வெடித்தபோது நிகழ்ந்தது இதுவே. ஆடைத் தொழிலாளப் பெண்கள் போதிய அறிவித்தலின்றித் தங்குமிடங்களிலிருந்து தனிமைப்படுத்தும் நிலையங்களுக்கு ஏற்றிச் செல்லப்பட்டதாகத் தொழிலாளர் அமைப்புகள் முறையிட்டன. நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தவர் ஓரிரவில் நோய்க்காவிகள் ஆயினர். மீனைத் தீண்டுவாரின்மையால் மீனவர் வாடினர். மீனால் தீங்கில்லை என்பதை மெய்ப்பிக்க முன்னாள் அமைச்சர் ஒருவர் பத்திரிகையாளர் முன்னிலையிற் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். நகைப்புக்குரிய காட்சியாயினும் அமைச்சுகளின் அறிக்கைகளைவிட அது கருத்தை விளக்கமாகவே உரைத்தது! நவம்பர் இறுதியில் மகர சிறைச்சாலையில் நோயச்சத்தாற் கிளர்ந்த கலவரத்திற் கைதிகள் பதினொருவர் மாண்டனர். அடைத்து வைத்தல் எல்லா இடத்தும் காத்தல் ஆகாது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

இனி, அரசின் கொள்கையில் எவ்வகையாலும் நியாயங் கற்பிக்கவியலாத பகுதிக்கு வரவேண்டும். கொவிட் நோயால் இறந்தோரின் உடலை அடக்கம் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020 மார்ச் மாதத்திலேயே வழிகாட்டியிருந்தது. இலங்கை அரசு ஏப்பிரல் 11 ஆம் நாள் வர்த்தமானி வாயிலாகத் தகனத்தைக் கட்டாயமாக்கியது. புதைத்த உடலிலிருந்து கிருமி நிலத்தடி நீரிற் கலக்கும் என்பது கூறப்பட்ட காரணம். கிருமி உயிருள்ள கலங்களிலன்றிப் பெருகாது என்பது உயர்தர வகுப்பு உயிரியல் மாணவன் அறிந்தது. நிலத்தடி நீர் அச்சம் மெய்யாயின், நோயாளர் உயிரோடிருந்து கழித்த கழிவுநீரைப் பற்றியே முதலில் அஞ்சியிருக்க வேண்டும். அதனைக் குறித்து அத்தகைய பரபரப்பு எழவில்லை.

முசிலிம் மக்களுக்கு இறந்தோரை மண்ணில் அடக்கம் செய்தல் மார்க்கக் கடமை. தகனம் அவர்க்கு விலக்கப்பட்டது. கிறித்தவருட் பலர்க்கும் அடக்கமே மரபு. இந்துக்களிலும் குழந்தைகளையும் துறவியரையும் தீயிலிடாது சமாதி வைக்கும் வழக்கு உண்டு என்பதை இக்கல்லூரி மாணவர் அறிவர். இறந்தோர்க்குச் செய்யும் கடன் உயிருள்ளோர்க்கு எத்துணைப் பாரம் என்பது அந்தியேட்டியும் ஆட்டத் திவசமும் தவறாது செய்யும் சமூகத்துக்கு விளக்கவேண்டிய செய்தியன்று. உயர்நீதிமன்றம் 2020 டிசம்பர் முதலாம் நாள் இவ்வாணைக்கெதிரான மனுக்களை விசாரணைக்கு ஏற்காது தள்ளியது. அம்மாதத்திலேயே பிறந்து இருபது நாளான பச்சிளங் குழவியொன்று பெற்றோர் விருப்பத்துக்கு மாறாகத் தகனம் செய்யப்பட்டது. பொரளை மயானத்து வாயிலில் மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டிச் சென்றனர். சப்தமின்றி, சாதி சமய பேதமின்றி அத்துணிகள் பெருகின. இலங்கை மருத்துவச் சங்கமும் சமுதாய மருத்துவர் கல்லூரியும் அடக்கம் செய்வதாற் கேடில்லை எனக் கருத்துரைத்தன. அதன் பின்னும் அரசு அசையவில்லை. 2021 பெப்புருவரி 25 ஆம் நாளே ஆணை மாற்றப்பட்டது. பாக்கித்தான் பிரதமர் வந்து சென்ற மறுநாள் அது. செனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியிருந்த காலமும் அது. அறிவியல் பத்து மாதங்களாகச் சொன்னதை அரசியல் ஒரு நாளிற் சாதித்தது. காரணம் அறிவியலாயிருந்தால் அறிவியலே அதனை மாற்றியிருக்கும்.

மாற்றிய முறையும் மனம் நிறைவதாக இல்லை. முதலில் இரணைதீவு அடக்க இடமாகக் குறிக்கப்பட்டது. நெடுங்காலம் இடம்பெயர்ந்திருந்து அண்மையிலேயே தம் தீவுக்கு மீண்ட தமிழ் மீனவரை ஒரு சொல்லும் கேளாது எடுத்த முடிவு அது. ஒரு சமூகத்தின் துயரைத் தீர்க்கப் புகுந்து அதனை மற்றொரு சிறு சமூகத்தின் முற்றத்தில் வைக்க முயன்றனர். அத்தீவு மக்களும் முசிலிம் மக்களும் ஒருங்கே மறுத்தனர். ஈற்றில் மார்ச் 5 ஆம் நாள் முதல் ஓட்டமாவடியில் அடக்கம் நடைபெறலாயிற்று. நாட்டின் எம்மூலையில் இறந்தாலும் உடல் அவ்வொரிடத்துக்கே கொண்டு செல்லப்பட வேண்டும் என்னும் விதி ஓராண்டு நிலைத்தது. பல சமயத்தாரான மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் ஆங்கே துயில்கின்றனர்.

இது சிறுபான்மையினர் மனத்தைப் புண்படுத்திய தவறு என்று மட்டும் கருதுவோர் இதன் முழுக் கேட்டினை உணர்ந்தாரல்லர். இது நோய்த்தடுப்பையே குலைத்த தவறாகும். தந்தைக்கு நோய் கண்டால் அவர் உடல் தமக்குக் கிட்டாது என்று அஞ்சும் மகன் அவரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லத் தயங்குவான். சுகாதாரப் பரிசோதகர் படலையைத் தட்டும்போது பொய் சொல்வான். களுத்துறையிலிருந்து தொண்ணூறு ஆண்டுகளாகச் சேர்த்த முதல் இவ்வாறே கரைந்தது.

அறிவியலை அரசு எத்துணை மதித்தது என்பதற்கு வேறு சான்றுகளும் உள. சுகாதார அமைச்சர் மந்திரித்த நீர்க்குடத்தை ஆற்றிலிட்டார்; கேகாலையில் ஒருவர் ஆக்கிய பாணி மருந்தை வெளிப்படையாகப் பருகினார்; 2021 சனவரியில் அவருக்கே நோய் கண்டது. அம்மருந்தை வாங்க ஆயிரக்கணக்கானோர் இடைவெளியின்றி வரிசையில் நின்றதைக் காவலர் தடுக்கவில்லை. நாட்டு வைத்தியத்தைப் பழிப்பது ஈண்டு நோக்கமன்று. பரிசோதிக்கப்படாததைப் பதவியின் துணையால் மருந்தாக்குதல் நாட்டு வைத்தியத்துக்கே இழுக்கு.

தடுப்பூசிக் கொள்கையிற் குறையும் நிறையும் கலந்தே கிடக்கின்றன. இந்தியா நன்கொடையாக அளித்த ஐந்து இலட்சம் ஊசிகளோடு 2021 சனவரி 29 ஆம் நாள் பணி தொடங்கியது. இந்திய ஏற்றுமதி தடைப்பட்டதும் இரண்டாம் ஊசிக்குப் பல இலட்சம் பேர் மாதக்கணக்கிற் காத்திருந்தனர்; சீன ஊசியும் பின்னர் யப்பான் அளித்த ஊசியும் அவ்விடைவெளியை நிரப்பின. முதியோரே பெரிதும் இறப்பர் என்பது அறியப்பட்டிருந்தும், பெப்புருவரியில் மேல் மாகாணத்தில் முப்பது முதல் அறுபது வயது வரையினர்க்கு முதலில் ஊசியிடும் முடிவு எடுக்கப்பட்டது. உழைக்கும் கையைக் காத்தல் பொருளாதாரத்துக்கு நலம் எனக் கருதினர் போலும். பின்னர் இறந்தோரிற் பெரும்பான்மையோர் அறுபதைக் கடந்தவர் என்பது அக்கணிப்பின் விலையை உரைக்கும். எனினும் ஊசி போதியளவு வந்து சேர்ந்ததும் சுகாதார ஊழியர் காட்டிய திறன் வியத்தற்குரியது. ஆண்டிறுதிக்குள் மக்களில் ஐந்தில் மூன்று பங்கினர் இரு ஊசியும் பெற்றனர். குழந்தைகட்குத் தடுப்பூசி இட்டுப் பழகிய அதே கைகள் இதனையும் செய்து முடித்தன.

2021 இன் பேரிழப்புக்கு உருமாறிய கிருமியே காரணம் என்று அரசின் சார்பிற் கூறப்படும். அக்கூற்றில் உண்மை உண்டு. டெல்டா என்னும் திரிபு எந்நாட்டையும் விட்டுவைக்கவில்லை. ஆயின், சித்திரைப் புத்தாண்டுக்கு மக்களைக் கட்டின்றி நடமாட விட்டது கிருமியன்று. ஓகத்து மாதத்தில் வைத்தியசாலை விறாந்தைகளில் நோயாளர் தரையிற் கிடந்தபோது, பொருளாதாரம் தாங்காது எனக் கூறி நாட்டை முடக்கத் தயங்கியதும் கிருமியன்று. அத்தயக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது; கருவூலம் வெறுமையாகிக் கொண்டிருந்தமை மறுநாண்டில் எல்லார்க்கும் வெளிப்பட்டது. எனினும் மருத்துவர் பல வாரங்களாக வற்புறுத்தியும் நடவாதது, அஸ்கிரிய, மல்வத்துப் பீடங்களின் மகாநாயக்க தேரர் எழுதிய கடிதத்தின் பின் ஓகத்து 20 இல் நடந்தது. கேட்ட நன்மை நன்மையே. மருத்துவரின் சொல்லுக்கு இல்லாத வலிமை மடாலயத்தின் சொல்லுக்கு எங்ஙனம் வந்தது என்பதே வினா. அம்மாத இறுதியில் நாளொன்றுக்கு இருநூறு பேருக்கு மேல் மாண்டனர்.

கல்வியுலகம் பட்ட பாடு தனியே ஆராயத் தக்கது. வகுப்பறை கைப்பேசித் திரைக்குள் ஒடுங்கியது. அலைவரிசை கிட்டாத ஊர்களில் மாணவர் மரக்கிளையிலும் குன்றின் உச்சியிலும் ஏறிப் பாடங் கேட்டனர். இணையமும் கருவியும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கும் அவை இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே வினாத்தாள் கொடுக்கப்பட்டது. 2021 க்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்புருவரியிலும், சாதாரணதரப் பரீட்சை 2022 மே மாதத்திலும் நடந்தன. மதுக்கடைகளும் கடைத்தெருக்களும் திறந்திருந்த வாரங்களிற் பாடசாலைகள் அடைத்துக் கிடந்தமைக்கு எவ்வித விளக்கமும் பொருந்தாது.

1897 ஆம் ஆண்டுச் சட்டம் ஈற்றில் எவ்வாறு பயன்பட்டது என்பதையும் ஆசிரியவுலகமே கண்டது. 2021 யூலை 8 ஆம் நாள் கொத்தலாவலைப் பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்துப் பாராளுமன்றத்தருகே ஆர்ப்பாட்டஞ் செய்தோரில் இலங்கை ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளரும் ஒருவர். நீதிமன்றம் பிணை வழங்கியது. பிணை பெற்றோர் வீடு செல்லவில்லை. தனிமைப்படுத்தல் எனக் கூறிப் பொலிசார் அவர்களை நெடுந்தூரம் ஏற்றி முல்லைத்தீவு, கேப்பாப்பிலவு முகாமிற் கொண்டுபோய் விட்டனர். நோயாளியை நாடாது எதிர்ப்பாளனை நாடும் தனிமைப்படுத்தலுக்கு மருத்துவநூலிற் பெயரில்லை. ஆசிரியர் நிகழ்நிலைக் கற்பித்தலிலிருந்து விலகி நின்ற அம்மாதங்களில் வீட்டிலிருந்த மாணவன் அதனாலும் இழந்தான் என்பதையும் ஆசிரியர் பக்கத்தில் நிற்போர் ஒளிக்கலாகாது.

2024 யூலையில் அமைச்சரவை, கட்டாயத் தகனத்தாற் புண்பட்ட சமூகங்களிடம் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. பாதுகாப்பான அடக்கத்தால் நீர் மாசுறும் என்னும் அச்சத்துக்கு ஆய்வில் ஆதாரம் காணப்படவில்லை என்பது அப்போது ஏற்றுக்கொள்ளப்பட்டது. இறந்தவரின் உடலைப் புதைப்பதா எரிப்பதா என்பதை அவரோ அவர்தம் குடும்பத்தாரோ தெரிந்துகொள்ளும் உரிமையைச் சட்டமாக்கவும் உடன்பட்டது. மன்னிப்புக் கோரியது நன்று. அவ்வாணையைப் பரிந்துரைத்த நிபுணர் குழு எச்சான்றை முன்வைத்து அதனைப் பரிந்துரைத்தது, மாற்றுக் கருத்து மருத்துவச் சங்கத்திலிருந்து எழுந்த பின்னரும் யார் சொல்லால் அது நீடித்தது என்பவற்றுக்கு அம்மன்னிப்பில் விடையில்லை.